வீட்டிலுள்ள போத்தல்களையும் கிளினிக்குக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்

யாழ்ப்பாணப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு அல்லைப்பிட்டியிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பணிப்பாளர் அவர்களுக்கு,

அல்லைப்பிட்டியில் பல வீடுகளில் இப்போது சாப்பாட்டு மேசையில் ஒரு போத்தல் நிற்கிறது. மல்ரிவிற்றமின். ரொறன்ரோவிலோ பாரிசிலோ இருக்கும் மகள் ஊருக்கு வந்தபோது சூட்கேசில் கொண்டுவந்து தந்திருப்பாள். இல்லாவிட்டால் யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போன இடத்தில் பாமசியில் வாங்கியிருப்பார்கள். பக்கத்தில் கிறீன் ரீ பெட்டியும் இருக்கும். அம்மா காலைச் சாப்பாட்டோடு ஒரு குளிசை போடுவா. கொலஸ்ரரோல் குறையுமென்று அப்பா கிறீன் ரீ குடிப்பார். இவற்றால் பலனுண்டா, தங்களுக்கு ஒத்துவருமா என்று அவர்கள் கேட்டறிய ஊரில் ஆளில்லை. சொல்லத் தெரிந்தவர்கள் உங்கள் குடும்பநல உத்தியோகத்தர்களும் சுகாதார வைத்திய அதிகாரிகளும்தான். அவர்கள் இதைப் பற்றி மக்களோடு பேச நீங்கள் ஏற்பாடு செய்யவேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

அனுப்புகிற பிள்ளைகளைக் குறைசொல்ல நான் எழுதவில்லை. போரினால் 1990இலும் மறுபடி 2006இலும் இடம்பெயர்ந்த ஊர் இது. எங்கள் பிள்ளைகளில் பலர் கடல் கடந்தது அந்த ஓட்டங்களின் பிறகுதான். தாய் தகப்பனைப் பக்கத்தில் இருந்து பார்க்க முடியாத பிள்ளை, கைக்கு எட்டியதை அனுப்பத்தான் செய்யும். அந்த அக்கறை வீண்போகக்கூடாது என்பதே என் கவலை. சில வீடுகளில் அது தீங்காகவும் முடியலாம்.

நன்றாகச் சாப்பிட்டு, பெரிய வருத்தம் ஏதுமில்லாமல் இருக்கும் ஒருவருக்கு மல்ரிவிற்றமின் என்ன செய்கிறது என்பதை உலகம் நிறையவே ஆராய்ந்துவிட்டது. அமெரிக்காவில் நல்ல சுகத்தோடிருந்த 390,124 பேரை இருபது வருடத்துக்கு மேல் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2024இல் வெளிவந்தது. தினமும் மல்ரிவிற்றமின் எடுத்தவர்கள், எடுக்காதவர்களைவிடக் கூடுதல் காலம் வாழவில்லை. அதற்கு முன், ஐம்பது வயதும் அதற்கு மேலுமான 14,641 ஆண் வைத்தியர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மல்ரிவிற்றமினும் மற்றதற்கு மருந்தில்லாத வெறுங் குளிசையும் கொடுத்துப் பதினொரு வருடமளவில் பார்த்தார்கள். 2012இல் முடிவு வந்தது. மாரடைப்பும் பாரிசவாதமும் குறையவில்லை. புற்றுநோய் மட்டும் எட்டு வீதம் குறைந்திருந்தது. வயதானவர்களின் ஞாபகசக்திக்குச் சிறு நன்மை இருக்கலாம் என்று அண்மைய ஆய்வுகள் சில சொல்கின்றன. இவற்றை மறைத்துப் பேசுவது நேர்மையல்ல. ஆனாலும் 2022இல் அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு எல்லா ஆய்வுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, இதய நோயையும் புற்றுநோயையும் தடுக்க மல்ரிவிற்றமின் எடுக்கும்படி சொல்வதற்குச் சான்று போதாது என்றுதான் முடித்தது. பீற்றா கரோட்டின், விற்றமின் ஈ இரண்டையும் அந்த நோக்கத்துக்காக எடுக்கவே வேண்டாம் என்றது.

பீற்றா கரோட்டின் விடயம் எங்கள் கரையோர ஊர்களுக்குக் கட்டாயம் தெரியவேண்டும். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பித்தான் அந்தக் குளிசையைக் கொடுத்தார்கள். 1994இல் கணக்குப் பார்த்தபோது, குளிசை எடுத்தவர்களுக்கு அந்தப் புற்றுநோய் 18 வீதம் கூடுதலாக வந்திருந்தது. அமெரிக்காவில் நடந்த இன்னொரு பரிசோதனையில் 28 வீதம் கூடியதால் அதைக் காலத்துக்கு முன்பே நிறுத்தினார்கள். பூசணிக்காயிலும் கரட்டிலும் முருங்கையிலையிலும் இருப்பது இதே சத்துத்தான். சாப்பாட்டில் வருவதால் தீங்கில்லை. குளிசையாக அடக்கி, பெரிய அளவில், சுருட்டும் பீடியும் பிடிக்கும் ஒருவருக்குக் கொடுக்கும்போதுதான் ஆபத்து. கடலுக்குப் போகும் எங்கள் ஆண்களில் எத்தனை பேர் புகைக்கிறார்கள் என்பதை உங்கள் உத்தியோகத்தர்கள் அறிவார்கள். கண்ணுக்கு நல்லதென்று சொல்லி வீட்டுக்கு வரும் போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்பதை யார் அவர்களுக்கு வாசித்துச் சொல்வது?

தேவையான மருந்தையும் தேவையற்றதையும் பிரித்துப் பார்க்கும் வழக்கம் எங்கள் நாட்டுக்குப் புதிதல்ல. 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராக இருந்த பேராசிரியர் சேனக பிபிலே, ஒரே மருந்து பல பெயரிலும் பல விலையிலும் வந்து குவிந்த நிலையை மாற்றப் பாடுபட்டார். மக்களுக்கு எது வேண்டுமோ அதை நியாய விலையில் வாங்கிக் கொடுப்பது என்ற அவரது வழி, 1977இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியல் போடுவதற்கு முன்னரே இங்கே நடைமுறைக்கு வந்தது. 2015ஆம் ஆண்டின் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம், மருந்துக்கும் உணவுக்கும் இடைப்பட்ட பொருள்களையும் தன் கீழ்க் கொண்டுவந்தது. சூட்கேசில் வரும் போத்தல் அந்தச் சட்டத்தின் கண்ணில் படாது. அதைப் பார்க்கக்கூடியது கிளினிக் ஒன்றுதான்.

குளிசையே வேண்டாம் என்பது என் வாதமல்ல. வேண்டியவருக்கு வேண்டிய சத்து போய்ச் சேரவேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் எழுதுகிறேன். கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே போலிக் அமிலம் எடுப்பதால் குழந்தையின் முள்ளந்தண்டுக் குறைபாடுகள் பெருமளவு தடுக்கப்படுகின்றன. முன்பு அத்தகைய குழந்தையைப் பெற்ற தாய்மாருக்கு அது கொடுக்கப்பட்டபோது, மறுபடி அக்குறை வருவது 72 வீதம் குறைந்ததை 1991இல் பிரித்தானிய ஆய்வொன்று நிறுவியது. அயடீன் சேர்த்த உப்பை 1995இல் நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கியது சரியான முடிவு. 1973இலிருந்து கொடுபடும் திரிபோஷாவும் அப்படித்தான். இவையெல்லாம் எந்தச் சத்து, யாருக்கு, எவ்வளவு என்று பார்த்துக் கொடுக்கப்பட்டவை. எல்லாச் சத்தும் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்த போத்தல் அந்த வேலையைச் செய்யாது.

கர்ப்பிணித் தாய்மாருக்கு நீங்கள் இலவசமாகக் கொடுக்கும் இரும்புச்சத்துக் குளிசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். வயிற்றைப் பிரட்டுகிறது, மலம் கறுக்கிறது என்று சிலர் அதை ஒதுக்கி வைத்துவிட்டு, வெளிநாட்டுப் போத்தலில் எல்லாம் இருக்கிறதுதானே என்று அதைப் போடுகிறார்கள். சாதாரண மல்ரிவிற்றமினில் இருக்கும் இரும்பு, குருதிச்சோகை உள்ள ஒரு தாய்க்குப் போதாது. சில போத்தல்களிலும் மீன் ஈரல் எண்ணெய்க் குளிசைகளிலும் ரெற்றினோல் வடிவில் விற்றமின் ஏ நிறைய இருக்கும். அளவு மிஞ்சினால் கருவுக்குக் கேடு. இன்னொரு பிழை, குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்குவது. கறுப்புத் தேயிலையோ பச்சைத் தேயிலையோ, சாப்பாட்டோடு குடித்தால் கீரையிலும் பயறிலும் குளிசையிலும் உள்ள இரும்பில் பெரும்பங்கு உடம்பில் சேராமல் போய்விடும். கிளினிக்கில் இரும்போடு விற்றமின் சி தருவது ஏன் என்று பல தாய்மாருக்கு யாரும் விளங்கப்படுத்துவதில்லை. இரும்பைக் குடல் உறிஞ்ச அது உதவுகிறது. முருங்கையிலை வறையை அடுப்பால் இறக்கிய பிறகு தேசிக்காய் பிழிந்தாலும் அந்த நன்மை கிடைக்கும். தேத்தண்ணியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் தள்ளி வையுங்கள், கல்சியத்தையும் இரும்பையும் ஒரே நேரத்தில் விழுங்காதீர்கள் என்ற இரண்டு வசனம், பாடசாலையில் இரும்புக் குளிசை வாங்கும் எங்கள் பெண்பிள்ளைகளுக்கும் சேரவேண்டும்.

முதியவர்கள் விடயம் இதைவிட மௌனமாகக் கிடக்கிறது. நீரிழிவுக்கு வருடக்கணக்காக மெற்போமின் எடுப்பவர்களுக்கு உடம்பில் பி12 குறையலாம். கால் விறைப்பு, எரிவு, சோர்வு எல்லாம் வரும். சீனி வருத்தத்தாலும் இதே விறைப்பு வருவதால், பி12 குறைந்ததை யாரும் சந்தேகிப்பதில்லை. அந்தச் சத்து மீன், முட்டை, பால், இறைச்சியில் இருக்கிறது, மரக்கறியில் இல்லை. கரையோரத்தில் இருந்தும் மச்சம் தொடாத சைவக் குடும்பங்கள் எங்கள் தீவகத்தில் பல உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் நீரிழிவு உள்ள ஒரு ஆச்சிக்கு வேண்டியது இரத்தப் பரிசோதனையும், குறைவென்றால் உரிய அளவில் பி12உம். மேசையில் நிற்கும் போத்தலை நம்பி அவ காலம் கடத்தக்கூடாது.

இதய வால்வு சத்திரசிகிச்சை செய்து, இரத்தம் உறைவதைத் தடுக்க வோபரின் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். விற்றமின் கே உள்ள மல்ரிவிற்றமினோ, அளவுக்கு மிஞ்சிய கிறீன் ரீயோ அந்த மருந்தின் வேலையைக் கெடுக்கலாம். தைரொயிட் குளிசையோடு இரும்பும் கல்சியமும் உள்ள போத்தலைச் சேர்த்து விழுங்கினால், தைரொயிட் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. தலைமயிருக்கென்று விற்கும் பயோற்றின் சில இரத்தப் பரிசோதனைகளின் முடிவையே மாற்றிக் காட்டும். இவர்களிடம் கிளினிக்கில் "வேறென்ன மருந்து எடுக்கிறீங்கள்?" என்று கேட்டால், "ஒண்டுமில்லை ஐயா" என்றுதான் பதில் வரும். விற்றமினை அவர்கள் மருந்தென்று நினைப்பதில்லை.

கிறீன் ரீயில் நல்லது இல்லையென்று சொல்லமாட்டேன். ஜப்பானில் ஓசாக்கிப் பகுதியில் 40,530 பேரைப் பதினொரு வருடம் வரை கவனித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு ஐந்து கோப்பையோ அதற்கு மேலோ குடித்தவர்களிடையே இதய, இரத்தநாள நோய்களால் இறப்பவர்கள் குறைவாக இருந்தார்கள். புற்றுநோய் இறப்பில் வித்தியாசம் இல்லை. அப்படிக் குடிப்பவர்களின் மற்றப் பழக்கங்களும் அந்தக் கணக்கில் கலந்திருக்கலாம். 2022இல் பிரித்தானியாவில் ஐந்து இலட்சமளவு பேரின் தரவுகளைப் பார்த்தார்கள். அங்கே தேத்தண்ணி குடிப்பவர்களில் பெரும்பாலானோர் குடிப்பது கறுப்புத் தேயிலை. நாளுக்கு இரண்டு கோப்பையோ அதற்கு மேலோ குடித்தவர்களிடம் இறப்பு வீதம் சற்றுக் குறைவாகவே இருந்தது. இரண்டும் ஒரே செடியின் கொழுந்து. பதப்படுத்தும் முறைதான் வேறு. சீனர் ஆயிரம் வருடமாகக் குடிப்பது என்று சொல்லி இதை விற்கிறார்கள். உண்மைதான். ஆனால் 1867இல் லூல்கந்துரவில் பயிரிடத் தொடங்கிய இலங்கைத் தேயிலை ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும்போது, கூடுதல் காசு கொடுத்துக் கிறீன் ரீ வாங்கவேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. அதன் சாரத்தைக் குளிசையாக்கி மெலிவதற்கென்று விற்பதுதான் கவலைக்குரியது. நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் அந்தச் சாரத்தின் முக்கிய பொருளை எடுத்தவர்களுக்கு ஈரல் பாதிப்பின் அறிகுறிகள் தென்படுவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018இல் எச்சரித்தது.

எங்கள் தேத்தண்ணியில் உண்மையான கேடு சீனி. ஒரு கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி, நாளுக்கு நாலு கோப்பை என்றால் ஐம்பது கிராமை எட்டிவிடும். பெரியவர் ஒருவருக்கு அதுவே உச்ச எல்லை, பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கலியாண வீட்டிலும் செத்தவீட்டிலும் சீனி குறைந்த தேத்தண்ணி கொடுத்தால் மரியாதைக் குறைவென்று நினைக்கும் ஊர் இது. அதை மாற்ற உங்கள் உத்தியோகத்தர்கள் ஒரு தவணை உழைத்தால், எந்தப் பெட்டியும் தராத பலன் கிடைக்கும்.

ஆகவே என் வேண்டுகோள். கர்ப்பிணிகள் கிளினிக்கிலும், முப்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்குச் சீனியும் பிரஷரும் பார்க்கும் இடத்திலும், வீட்டிலுள்ள எல்லாப் போத்தல்களையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரும்படி சொல்லச் செய்யுங்கள். எதைத் தொடரலாம், எதை விடவேண்டும் என்று அங்கேயே பார்த்துச் சொல்லட்டும். மேலே எழுதியவற்றில் சரியானதை எடுத்து, ஒரு பக்கத்தில், பேசுகிற தமிழில் அச்சிட்டு மருந்துக்கடைகளில் ஒட்டச் செய்யுங்கள். தீவகத்தில் நெடுங்காலமாக மெற்போமின் எடுப்பவர்களின் பி12 அளவைப் பார்க்க வழிசெய்யுங்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் நீங்கள் ஒரு சேதி விடலாம்: போத்தலுக்குச் செலவழிக்கும் காசில் பிரஷர் பார்க்கும் மெசினும் சீனி பார்க்கும் மெசினும் வாங்கி அனுப்பும்படி. உங்கள் சொல்லுக்கு அவர்கள் காது கொடுப்பார்கள்.

ஞாயிறு பூசை முடிந்து புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தடியில் சனம் கூடும். சைவ ஆலயங்களில் திருவிழா நாள்களில் கூடும். எந்த நாள் வசதி என்று உங்கள் அலுவலகம் அறிவித்தால், ஊரவர்களுக்குச் சொல்லி, கதிரை போட்டு, போத்தல்களோடு அவர்களை வரவைக்கும் பொறுப்பை நாங்கள் எடுக்கிறோம்.

இங்ஙனம்,
அல்லைப்பிட்டி வாசி ஒருவர்