முடிவைச் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்!

சில விஷயங்களை வெளியே சொன்னால், 'இதெல்லாம் ஒரு பிரச்னையா?' என்று சிரிப்பார்கள். ஆனாலும், மனசில் உறுத்துவதை நம் பகுதியில் கொட்டாமல் வேறு எங்கே கொட்டுவது?

என் மாமியார் அடிக்கடி பேசும் படம், 'அந்த நாள்'. 1954ல் ஏவி.எம். தயாரித்து, வீணை வித்வான் எஸ்.பாலசந்தர் இயக்கிய படம். பாட்டு கிடையாது, டான்ஸ் கிடையாது, சண்டை கிடையாது. பாட்டுக்காகவே கூட்டம் வந்த காலத்தில் இப்படி ஒரு படம்! 1943ல் சென்னையில் ஜப்பான் விமானம் குண்டு போட்ட சமயத்தில் நடக்கிற கதை. ரேடியோ இன்ஜினியராக வரும் சிவாஜி, ஆரம்பத்திலேயே சுடப்பட்டு இறந்து போவார். சுட்டது யார் என்று சி.ஐ.டி. அதிகாரியாக வரும் ஜாவர் சீதாராமன் விசாரிப்பார். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, மனைவி என்று ஆளாளுக்கு ஒரு கதை சொல்ல, எல்லார் மேலும் சந்தேகம் வரும்.

இதை அத்தை சின்னப் பெண்ணாக இருந்தபோது, டூரிங் டாக்கீஸில் மணலில் உட்கார்ந்து பார்த்தாராம். "கடைசியில யாரு அத்தை சுட்டது?" என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "அதை மட்டும் சொல்ல மாட்டேன். நீயே பாரு. அப்போ உன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு நான் பார்க்கணும்" என்பார்.

போன மாதம் ஒரு ஞாயிறு மதியம், டிவியில் அந்தப் படம் போடுவதாகத் தெரிந்தது. விடிகாலையிலேயே எழுந்து டிபன், சமையல், துணி, பாத்திரம் எல்லாம் முடித்து, ராத்திரி குருமாவுக்கு வெங்காயம்கூட நறுக்கி வைத்து விட்டேன். இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் உட்காருவது என்பது நமக்கு என்ன லேசுப்பட்ட காரியமா? அத்தையும் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கொண்டார்.

அந்த நேரம் பார்த்து, உறவுக்காரர் ஒருவர் வந்தார். நான் காபி கொண்டு வந்து கொடுக்க, டம்ளரை வாங்கிக்கொண்டே டிவியைப் பார்த்தவர், "அட, இந்தப் படமா? இன்னார்தானே சுட்டது" என்று பட்டென்று போட்டு உடைத்து விட்டார். நல்லவேளை, அத்தை அப்போது முகம் கழுவப் போயிருந்தார். என் முகம் வாடியதைப் பார்த்து, "எழுபது வருஷத்துப் படம். இன்னுமா பார்க்கலை?" என்று ஒரு சிரிப்பு வேறு!

படம் பார்த்தேன். நடிப்பும் வசனமும் பிரமாதம்தான். ஆனால், யார் மேல் சந்தேகம் வந்தாலும், 'இவர் இல்லை' என்று மனசு முன்னாடியே சொல்லி விட்டது. முடிவு வந்தபோது, அத்தை டிவியைப் பார்க்கவில்லை. ஆசையாக என் முகத்தையே பார்த்தார். "ஐயையோ!" என்று நடித்தேன். அத்தை கண்டுபிடித்து விட்டார். "யாரோ சொல்லிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு, பேசாமல் எழுந்து போய் விட்டார். அவர் இத்தனை வருஷம் கட்டிக் காத்ததை, ஒரு வாய் காபி குடிப்பதற்குள் ஒருவர் கொட்டிக் கவிழ்த்து விட்டார்.

'நல்ல படம் என்றால் முடிவு தெரிந்தாலும் ரசிக்கலாமே' என்பார்கள். வாஸ்தவம்தான். அத்தையே இரண்டாம் முறை ரசித்துத்தானே பார்த்தார்! ஆனால், தெரியாமல் பார்க்கும் முதல் முறை ஒருமுறைதான் வரும். 'இன்னுமா பார்க்கலை' என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். குழந்தை, பள்ளிக்கூடம், சமையல், வைத்தியம் என்று ஓடிய எங்களுக்கு இப்போதுதான் உட்கார நேரம் கிடைக்கிறது. படம் எவ்வளவு பழசானாலும், பார்க்காதவளுக்கு அது புதுப்படம்தான்.

லண்டனில் 1952ல் தொடங்கிய அகதா கிறிஸ்டியின் 'மவுஸ்டிராப்' நாடகத்தில், கொலையாளி யார் என்று வெளியே சொல்ல வேண்டாம் என, நாடகம் முடிந்ததும் நடிகர்களே கேட்டுக் கொள்வார்களாம். என் மகள் சொன்னாள். ஊர் பேர் தெரியாத ஜனங்கள் காப்பாற்றும் ரகசியத்தை, நாம் நம் வீட்டுக்குள் காப்பாற்றக் கூடாதா?

நானும் யோக்கியம் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா ரிக்கார்ட் செய்து வைத்திருந்த சீரியலின் கடைசி எபிசோடை, மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டே சொல்லி முடித்தவள்தான். அந்த அக்காவின் முகம் அன்று ஏன் அப்படிப் போனது என்று இப்போதுதான் புரிகிறது.

அதனால், ஒரு கதையைப் பற்றிப் பேசுமுன், "நீங்க பார்த்தாச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டு விடுவோம். 'அந்த நாள்' பார்க்காத தோழியர் கட்டாயம் பாருங்கள். சுட்டது யார் என்று நான் சொல்ல மாட்டேன்!

- ஒரு வாசகி, கும்பகோணம்.