இந்த சீசனில் கோப்பை யாருக்கு?
(ஒரு ஸ்கோர் ஷீட்காரனின் ஆரூடம்)



இந்த மலர் உங்கள் கைக்கு வந்து, குரூப் போட்டோவில் உங்கள் முகத்தை நீங்கள் தேடிக் கண்டுபிடித்து முடிக்கும்போது அடுத்த கூடைப்பந்து சீசன் வாசலில் வந்து நிற்கும். யார் ஜெயிப்பார்கள், யார் முதல் ரவுண்டிலேயே பஸ் ஏறுவார்கள் என்று கேன்டீனில் இப்போதே ஆளாளுக்கு ஜோசியம் சொல்கிறார்கள். நான் டீமில் ஆடுபவன் இல்லை. இரண்டு வருஷமாக டேபிளில் உட்கார்ந்து ஸ்கோர் ஷீட் எழுதுபவன். பந்தைத் தொடாதவனுக்கு என்னய்யா தெரியும் என்று கேட்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகலாம். அடுத்த பக்கத்தில் கடி ஜோக்ஸ் இருக்கிறது!

முதலில் பெரிய இடத்து விஷயத்தை முடித்துவிடுவோம். மாநில அளவில் கல்லூரிக் கோப்பை சென்னைப் பக்கமோ கோவையிலோதான் தங்கும். எஸ்.ஆர்.எம்., இந்துஸ்தான், லயோலா போன்ற இடங்களுக்குப் போகிறவர்கள் பள்ளிக்கூடத்திலேயே நன்றாக ஆடிப் பெயர் வாங்கியவர்கள். அதில் ஆரூடத்துக்கு வேலையே இல்லை.

மாவட்ட அளவு கொஞ்சம் சுவாரஸ்யம். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது காட்டாங்குளத்தூரும் அதோடு போய்விட்டது. ஒரு மலை வழியை விட்டு விலகியது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகள். அவர்களுக்கு நாலு வருஷப் படிப்பு, நமக்கு மூன்று. லேட்டரல் என்ட்ரியில் வருகிறவனுக்கு இரண்டே வருஷம். நம்மில் ஒருவனுக்கு ஜம்ப் ஷாட் கைக்குப் பழகும் நேரத்தில் அவனுக்கு ஒரகடத்திலிருந்து இன்டர்வியூ கார்டு வந்துவிடுகிறது. ஆகவே மாவட்டத்தில் ஒரு மேட்ச் ஜெயிப்போம், அடுத்ததில் தோற்போம். இதைச் சொன்னதற்காக என்னை அடிக்க வராதீர்கள்.

நம் சண்டை பாலிடெக்னிக்குகளுக்குள் நடக்கும் டிவிஷன் போட்டியில்தான். "நம்ம காலேஜ் கப்பு வாங்குறதும் அத்திவரதர் வெளியே வர்றதும் ஒண்ணு மச்சான்" என்று மெக்கானிக்கல் நண்பன் ஒருவன் சொன்னான். அத்திவரதர் 1979-ல் வந்தார், பிறகு 2019-ல் வந்தார், இனி 2059. அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டியதில்லை என்பது என் தாழ்மையான கருத்து. இந்த வருஷமே இறுதிப் போட்டிவரை போகலாம். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு, அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே.

எல்லோரும் சொல்லும் காரணம் உயரம். உலகளந்த பெருமாள் நிற்கும் ஊரில் நம் டீமில் ஆறடியைத் தொட்டவன் ஒரே ஒருவன்! 1891-ல் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் மாடிக் கைப்பிடியில் பீச் பழக்கூடையை ஆணியடித்து மாட்டிய உயரம் பத்தடி. இன்றைக்கும் வளையம் அதே 3.05 மீட்டரில்தான் இருக்கிறது. ஐந்தரை அடிக்காரனுக்கு அது எட்டாதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் ஸ்கோர் ஷீட் வேறு கதை சொல்கிறது. சென்ற ஆண்டு கால் இறுதியில் நாம் தோற்றது ஆறு புள்ளியில். நாம் தவறவிட்ட ஃப்ரீ த்ரோ பதினொன்று! போர்டிலிருந்து 4.60 மீட்டரில் கோடு, எதிரே கை நீட்டித் தடுக்க ஒரு ஆளும் கிடையாது. உயரத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? தினம் ஐம்பது எறிந்தால் தீர்கிற வியாதி இது. 2000-ல் விதியை மாற்றி, இருபது நிமிடப் பாதி இரண்டு என்பதைப் பத்து நிமிடக் கால் பகுதி நான்கு என்று ஆக்கினார்கள். மூச்சு வாங்க நடுவில் அதிகமாக இடைவேளை கிடைக்கிறது. ஏழே பேரை வைத்துக்கொண்டு ஆடும் நம்மைப் போன்ற டீமுக்கு இது பெரிய வரம்.

இப்போது அந்த நிபந்தனைக்கு வருகிறேன்.

நம் பாயின்ட் கார்டு யார் என்று உங்களுக்கே தெரியும், பெயர் வேண்டாம். பந்து அவன் கையில் இருக்கும்வரை எதிரணிக்கு எந்தப் பக்கம் ஓடுவதென்றே தெரியாது. அந்தக் கால் இறுதியில் அவன் ஆடவில்லை. "பயந்துட்டான்", "ஹெட் வெயிட்" என்றெல்லாம் பேசினோம். நானும் பேசினேன். பிறகு ஒருநாள் நோட்ஸ் வாங்கப் பிள்ளையார்பாளையத்தில் அவன் வீட்டுக்குப் போனபோதுதான் விஷயம் புரிந்தது. குழித்தறியில் அவன் அப்பா உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் வலது ஓரமாக இவன்.

வேறு ஊரிலிருந்து வரும் நண்பர்களுக்காக இதை விளக்கவேண்டும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று நெய்யும் கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா ஓடவேண்டும். உடலுக்கு ஒன்று, இரண்டு பக்கக் கரைக்கும் ஒவ்வொன்று. ஒரே ஆள் மூன்றையும் ஓட்ட முடியாது. ஒரு பக்கத்துக் கரைக்கு இன்னொரு ஆள் உட்கார்ந்தே தீரவேண்டும். அவன் எழுந்து போனால் தறி நிற்கும். ஆவணி முகூர்த்தம், பின்னாலேயே தீபாவளி என்று புடவை தறியிலிருந்து இறங்கியாகவேண்டிய மாதங்களும் நம் டிவிஷன் போட்டி நடக்கும் மாதங்களும் ஒன்றாக வந்து நிற்கின்றன. கூலி புடவைக் கணக்கு. புடவை முடிந்தால்தான் கையில் காசு.

அவனிடம் கேட்டேன், "ஏண்டா, பி.டி. சார் கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"இன்னான்னு சொல்றது? மேட்ச் அன்னிக்கு எங்க அப்பா தறி ஓடாது சார்னா?"

நாடாவை ஓட்டிக்கொண்டேதான் பேசினான். இடது பக்கம் அப்பா விரல் அசைவதை ஓரக் கண்ணால் பார்த்து, இந்தப் பக்கம் சரியான நேரத்தில் கொடுக்கிறான். பார்க்காமலே பாஸ் கொடுக்கும் வித்தையை அவன் எங்கே கற்றான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது!

மாணவர் சங்கத்துக்கு ஒரு யோசனை. இந்த வருஷம் புது ஜெர்சி வாங்கப் பணம் ஒதுக்கியிருக்கிறோம். பழைய ஜெர்சிக்கு என்ன குறை? நம்பர் கொஞ்சம் உரிந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பணத்தில் போட்டி நாட்களுக்கு அவன் வீட்டுத் தறியில் கரைக்கு ஒரு ஆள் போட்டுக் கூலி கொடுக்கலாம். மாலைப் பயிற்சியைக் காலை ஆறு மணிக்கு மாற்றலாம். ஃப்ரீ த்ரோ எறிய அதுவும் நல்ல நேரம், வெயிலும் இல்லை. இதை தர்மம் என்று யாராவது வாயைத் திறந்தால் நான் சண்டைக்கு வருவேன். வெளியூர் மேட்சுக்கு பஸ் சார்ஜ் கொடுக்கிறோமே, அது தர்மமா?

(மாணவிகள் அணியைப் பற்றி ஒரு வார்த்தை. எட்டுப் பேர், பயிற்சிக்குப் பாதி கோர்ட், பசங்க போனபிறகு மிச்சமிருக்கும் வெளிச்சம். நம் சென்னைப் பெண் அனிதா பால்துரை இந்திய அணிக்குத் தலைமை தாங்கி, 2021-ல் பத்மஸ்ரீயும் வாங்கினார். நம் மாணவிகளுக்கு முழு கோர்ட் கொடுத்துப் பாருங்கள். பசங்களுக்கு முன்னால் அவர்கள் அரை இறுதிக்குப் போவார்கள். இதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.)

கூலி யோசனையை அவனிடமே போன வாரம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஆள் கிடைப்பாங்கடா. ஆனா எங்க அப்பா கை வேகம் எனக்குத்தான் பழக்கம். வேற ஆள் உட்கார்ந்தா கோர்வை பிசிறும். அவரைக் கேட்டுச் சொல்றேன்" என்றான். இதை எழுதும்வரை பதில் வரவில்லை.

ஆகவே என் ஆரூடம் இரண்டாக நிற்கிறது. அவன் ஆடினால் இறுதிப் போட்டி. ஆடாவிட்டால் மறுபடியும் கால் இறுதி, மறுபடியும் ஐந்தாறு புள்ளி. மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. அவர்கள் தெருவில் அமாவாசையன்று தறி ஓடாது. பி.டி. சார் ஃபிக்சர் போடும் கூட்டத்துக்குப் போகும்போது பாக்கெட்டில் ஒரு தினசரி காலண்டர் எடுத்துப்போனால் நல்லது. வேண்டுமானால் நானே வாங்கித் தருகிறேன்.