தங்கக் கட்டிக்கும் வேண்டும் முத்திரை

வடக்கே தன்தேரஸ், தெற்கே அட்சய திருதியை என்று தங்கம் வாங்குவதற்கென்றே நாள் குறித்து வைத்திருக்கும் நாடு இது. அந்நாள்களில் நகை வாங்க வசதியில்லாதவர்கள்கூட ஒரு கிராம் நாணயமோ, சிறு கட்டியோ வாங்கி வீடு திரும்புகின்றனர். திருமணத்துக்கும் குழந்தையின் பிறந்தநாளுக்கும் அதுவே பரிசாகிறது. செய்கூலியும் சேதாரமும் நகை விலையில் கணிசமான பங்கை விழுங்கிவிடுவதால், சேமிப்புக்குக் கட்டியே சிறந்தது என்னும் கணக்கில் தவறில்லை. ஆனால், கணக்கு மட்டும் சரியாக இருந்தால் போதாது. கைக்கு வரும் பொருளும் சரியாக இருக்க வேண்டும்.

தங்க நகைக்குத் தர முத்திரை கட்டாயம் என்னும் விதி 2021ஆம் ஆண்டு ஜூன் மாதம் 256 மாவட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. 2023 ஏப்ரல் முதல் ஒவ்வொரு நகையிலும் ஆறு இலக்க அடையாளக் குறியீடு இருந்தாக வேண்டும் என்றும் ஆயிற்று. அந்தக் குறியீட்டைச் செல்பேசியில் தட்டி, நகையின் தூய்மையை வாங்குபவரே சரிபார்த்துக்கொள்ள முடிகிறது. ஆனால், இதற்கு அடிப்படையான 2020ஆம் ஆண்டு ஆணை நகைகளையும் தங்கக் கலைப்பொருள்களையும் மட்டுமே குறிப்பிட்டது. கட்டிக்கு அதில் இடமில்லை.

கட்டி வாங்குபவர் சந்திக்கும் சிக்கல் இத்துடன் முடிவதில்லை. 2013ஆம் ஆண்டுக்கு முன்பு வங்கிகள் நாணயங்களைக் கூடுதல் விலைக்கு விற்றன. விற்ற நாணயத்தைத் திரும்ப வாங்க முன்வரவில்லை. அவசரத்துக்கு அடகு வைக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. 2025 ஜூன் மாதம் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைகள் நகைக்கும், ஒருவருக்கு 50 கிராம் வரையிலான நாணயத்துக்குமே கடன் வழங்க இடமளிக்கின்றன. கட்டிக்குக் கடன் கிடையாது. வருமான வரிச் சோதனையின்போது மணமான பெண்ணிடம் 500 கிராம் வரை உள்ள நகைகளைக் கைப்பற்ற வேண்டாம் என்னும் 1994ஆம் ஆண்டு அறிவுறுத்தலும் நகைக்கே உரியது.

இந்தப் பாகுபாட்டுக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது வந்த 1968ஆம் ஆண்டு தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம், தனிநபர் தங்கக் கட்டி வைத்திருப்பதையே தடை செய்தது. கட்டி என்றால் கடத்தல், பதுக்கல் என்பதே அன்றைய பார்வை. சட்டம் 1990இல் நீக்கப்பட்டுவிட்டது. பார்வை மட்டும் முற்றிலும் மாறவில்லை. அசோகச் சக்கரம் பொறித்த, 999 தூய்மையுள்ள தங்க நாணயத்தை 2015 நவம்பரில் அரசே அறிமுகம் செய்தது. மக்கள் தங்கத்தைக் கட்டியாகவும் நாணயமாகவும் சேமிப்பதை அரசு ஏற்றுக்கொண்டதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. ஏற்றுக்கொண்ட பிறகு பாதுகாப்பு அளிப்பதில் தயக்கம் ஏன்?

விற்கப்படும் ஒவ்வொரு கட்டியிலும் நாணயத்திலும் எடை, தூய்மை, சுத்திகரித்த நிறுவனத்தின் பெயர், தனி அடையாள எண் ஆகியவை கட்டாயம் இருக்க வேண்டும். எந்த விலையில், எவ்வளவு கழித்துத் திரும்ப வாங்கப்படும் என்பதை விற்பவர் ரசீதிலேயே எழுதித் தர வேண்டும். எண்ணில்லாத கட்டியால் பயனடைபவர் கடத்தல்காரரே என்பதால், இந்த விதிகள் அரசுக்கும் நன்மை தருபவையே.

வாங்குபவர்களுக்கும் கடமை உண்டு. மூன்று சதவீத சரக்கு, சேவை வரியை மிச்சப்படுத்த எண்ணி ரசீது இல்லாமல் வாங்குபவர், பின்னர் தரக்குறைவு குறித்து முறையிட ஆதாரமின்றி நிற்க நேரிடும்.

பெரும் செல்வந்தர்களுக்குத் தங்கத்தைச் சோதித்து வாங்கத் தெரியும். மகளின் திருமணத்துக்காக மாதம் ஒரு கிராம் சேர்ப்பவருக்கு அந்த முத்திரை ஒன்றே துணை. அதை அவருக்கு மறுப்பது நியாயமாகாது.