தீபாவளிப் பரிசும் சைக்கிள்காரரும்

தீபாவளி நெருங்கினால் நம் வணிகர்களுக்கு இரண்டு கவலை. ஒன்று சரக்குக் கொள்முதல். மற்றொன்று யாருக்கு என்ன கொடுப்பது என்பது. கடைச் சிப்பந்திக்கு வேட்டி துண்டு, பெரிய வாடிக்கைக்கு எவர்சில்வர் தூக்கு அல்லது சுவர்க் கடிகாரம், மாப்பிள்ளைக்கு மோதிரம் என்று வழக்கம் ஒன்று இருக்கிறது. ஆனால் சமீப வருடங்களில் நம் வீடுகளில் ஒரு புது ஆள் சேர்ந்திருக்கிறார். அவருக்குச் சைக்கிள் என்றால் உயிர். விடியுமுன் எழுந்து சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கி, நாம் கடை திறக்கும் நேரத்துக்கு வியர்வையோடு வந்து நிற்கிறார். மகனோ, மருமகனோ, நம் கணக்கைப் பார்க்கும் ஆடிட்டரோ, யாராகவும் இருக்கலாம். இவருக்கு மோதிரத்திலும் கடிகாரத்திலும் மனம் போவதில்லை.

இவருக்குப் பரிசு வாங்க நம்மில் பலர் செய்வது, செல்போனைத் திறந்து ‘சைக்கிள் கிஃப்ட்’ என்று தேடி, படத்தில் பளபளப்பாக இருப்பதை ஆர்டர் போடுவதுதான். நம் கருத்து இதற்கு நேர் எதிர். அவருடைய சைக்கிளைப் பார்க்காமல் எதுவும் வாங்கக் கூடாது. வாங்குவதையும் ஊர்ச் சைக்கிள் கடையிலேயே வாங்க வேண்டும்.

காரணம் இருக்கிறது. டயரில் 26 இஞ்ச் என்று போட்டிருந்தால் எல்லாம் ஒன்று என்று நினைக்கிறோம். 26 x 1⅜ என்ற டயர், 26 x 1.95 போட வேண்டிய ரிம்மில் பொருந்தாது. இரண்டின் ரிம் அளவும் வேறு. பழைய சைக்கிள்களில் வால்டியூப் போட்ட வால்வு. இப்போது வரும் பல சைக்கிள்களில் மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற வால்வு. விலை கூடிய சிலவற்றில் ஒல்லியான வேறொரு வால்வு. பம்பு வாங்கிக் கொடுத்து அது வால்வில் பொருந்தாவிட்டால் பரணில்தான் கிடக்கும். ஹெல்மெட்டும் அப்படித்தான், புருவத்துக்கு மேலே தலையைச் சுற்றி அளவெடுத்து வாங்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போனால் கடைக்காரர் மற்றதைப் பார்த்துக்கொள்வார்.

ஓட்டுகிறவருக்குத் தேவை என்ன என்பது ஓட்டுகிறவருக்கே தெரியும் என்பதற்குப் புதுக்கோட்டை நல்ல உதாரணம். 1991 வாக்கில், ஷீலா ராணி சுங்கத் அங்கே ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தின் மூலம் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. உடனே அவர்கள் ஆண்கள் ஓட்டும் சைக்கிளில் ஏறிவிட்டார்கள். சிலர் அதையே விரும்பவும் செய்தார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் அல்லவா! கடையில் உட்கார்ந்து யோசிக்கிற நமக்கு இது தோன்றியிருக்குமா?

மலை ஏறுகிறவருக்கு நாம் சொல்வது பிரேக் கட்டையும் விளக்கும். இறக்கத்தில் உயிர் பிரேக்கில் இருக்கிறது. முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. முன்பெல்லாம் விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் பிடித்து அபராதம் போடுவார் என்ற பயம் இருந்தது. அந்தப் பயம் போய்விட்டது, விளக்கும் போய்விட்டது. ஐப்பசியில் மழை, சீக்கிரமே இருட்டு. தீபாவளிக்குக் கொடுக்க இதைவிடப் பொருத்தமான சாமான் ஏது? அலங்கார ஸ்டிக்கர், போன் மாட்டும் ஸ்டாண்டு போன்றவற்றை அவரே வாங்கிக்கொள்வார்.

நாகல் நகரில் இருந்துகொண்டு பூட்டைச் சொல்லாமல் விட முடியாது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அலிகார் சரக்கோடு போட்டி போட்டுக்கொண்டு இன்னும் கையால் அரம் போடுகிற பட்டறைகள் நம் பக்கத்தில் இருக்கின்றன. ஒரு நல்ல பூட்டும் சங்கிலியும் பரிசாகலாம். மலை ஏறுகிறவர் கனம் என்று முகம் சுளிப்பார். தினமும் கடை வாசலில் சைக்கிளை நிறுத்துகிறவருக்கு அது பொன்.

அப்படித் தினமும் நிறுத்துகிறவர் யார்? நம் கடைச் சிப்பந்திதான். சைக்கிள்காரர் என்றால் ஹெல்மெட் போட்ட இளைஞர் மட்டும் நம் நினைவுக்கு வருகிறார். மாதக் கணக்கில் பார்த்தால் அவரைவிட அதிகமாக மிதிப்பவர் நம் சிப்பந்தி. தீபாவளி வியாபாரத்தில் இரவு பத்து, பதினொன்றுக்குக் கடை அடைத்த பிறகு, லாரிகள் பறக்கும் நாலு வழிச் சாலை ஓரமாகச் சின்னாளபட்டிப் பக்கம் வீட்டுக்குப் போகிறார். பின்னால் ஒரு சிவப்பு விளக்குக்கூட இல்லை. அவருக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்து அனுப்பிவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்குகிறோம். இது சரியில்லை. போனஸ் வேறு, அது அவர் உழைப்புக்கு உரியது. பரிசாக அவர் சைக்கிளுக்கு இரண்டு விளக்கு, புது பிரேக் கட்டை, ஒரு முழு ஓவராயில் செய்து கொடுங்கள். வாடிக்கைக்கு வாங்கும் சுவர்க் கடிகாரத்தைக் காட்டிலும் பெரிய செலவு வந்துவிடாது.

ஓவராயில் என்பதைச் செல்போனில் ஆர்டர் போட முடியாது. பெட்டியில் வருகிற சைக்கிளையும் யாராவது பூட்டித்தான் ஆக வேண்டும். வீல் பெண்டு எடுக்க, செயினை அளவாக இழுத்துக் கட்ட, ஊர்க் கடைக்காரர்தான் வேண்டும். அட்லஸ் கம்பெனியின் சாகிபாபாத் தொழிற்சாலை 2020 ஜூன் 3 அன்று, உலகச் சைக்கிள் தினத்தன்றே மூடப்பட்டது. ஆனால் அட்லஸ் சைக்கிள்கள் இன்னும் நம் தெருக்களில் ஓடுகின்றன. எந்த உதிரிபாகம் அதற்குச் சேரும் என்பது அவருக்குத்தான் தெரியும். நம் வாடிக்கையாளர் ஆன்லைனில் துவரம்பருப்பு வாங்கினால் நமக்கு வயிறு எரிகிறது. நாமே சைக்கிள் சாமானை அங்கே வாங்கினால் அந்தச் சைக்கிள் கடைக்காரர் யாரிடம் போய்ச் சொல்வார்? அவரும் நம்மைப்போல் ஷட்டர் தூக்குகிறவர்தானே.

2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் உதிரிபாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. பில்லில் அதைப் பார்த்து வாங்கவும். இன்னொன்று, பண்டிகைக்கு முந்தைய வாரம் சைக்கிள் கடைகளிலும் கூட்டம்தான். ஓவராயிலுக்கு இரண்டு மூன்று நாள் கேட்பார்கள். சிப்பந்தியின் சைக்கிளை அத்தனை நாள் விட வேண்டுமென்றால் அவர் வந்து போகக் கடை வண்டியைக் கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே பத்து நாள் முன்பே போய்ச் சொல்லி வைப்பது நல்லது.