ஆலந்தூர் காட்டிய வழி
அரசுத் திட்டங்களில் தனியாரைச் சேர்க்கலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் சென்னையை ஒட்டிய ஆலந்தூரைத்தான் சுட்டிக்காட்டுவேன். 1990-களில் அந்த நகராட்சியில் பாதாளச் சாக்கடை கிடையாது. செப்டிக் டேங்க் நிரம்பினால் லாரியைக் கூப்பிட வேண்டும். அப்போதைய நகராட்சித் தலைவர் ஆர்.எஸ்.பாரதியும் குடியிருப்போர் சங்கங்களும் தெருத்தெருவாகப் பேசி, வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை திரட்டினார்கள். குழாய் இணைப்பு வரும் முன்பே மக்கள் நம்பிப் பணம் கட்டினார்கள் என்பதுதான் இதில் பெரிய விஷயம். சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் நிறுவனம் தன் முதலீட்டில் கட்டி, குறிப்பிட்ட காலம் நடத்தி, நகராட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஒப்பந்தம். டெல்லி-நொய்டா டி.என்.டி. சுங்கச் சாலையில் நடந்தது நேர்மாறு. சாலையைக் கட்டி நடத்திய தனியார் நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 20 சதவீத வருவாய் என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள்; சுங்க வசூலில் விழுந்த துண்டெல்லாம் திட்டச் செலவில் ஏறிக்கொண்டே போனது. 2016-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சுங்க வசூலை நிறுத்தியது. 2024-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. தனியாரின் முதலும் வேகமும் நமக்குக் கட்டாயம் தேவை. ஆனால், கையெழுத்தாகும் முன்பே ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் மக்கள் படிக்கும்படி தமிழில் வெளியிடுவதைத் தமிழக அரசு கட்டாயமாக்க வேண்டும்.