வால் நுனியில் மூன்று

புன்னக்காயல் கழிமுகத்து அலையாத்தி இலையை ஒடித்து நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். கடலின் உப்பில் பெரும்பகுதியை இந்த மரம் வேரிலேயே தடுத்துவிடுகிறது. தப்பி ஏறியதில் கொஞ்சத்தை இலைச் சுரப்பிகள் வழியே வெளியே தள்ளுகிறது. இதெல்லாம் பள்ளிப் பாடத்திலேயே உண்டு. அதற்குப் பிறகும் உள்ளே தங்கும் உப்பை அது என்ன செய்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த சங்கதி.

செல்லுக்குள் இருக்கும் வேக்குவோல் என்ற பெரிய பையில் அதை அடைத்து வைக்கிறது. அதோடு தீர்ந்துவிடாது. உப்பு நிறைந்த பை, சுற்றியுள்ள சைட்டோபிளாசத்தின் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அதைச் சரிக்கட்ட, யாருக்கும் தொந்தரவு தராத ஒரு பொருள் சைட்டோபிளாசத்தில் கரைந்திருக்க வேண்டும். அலையாத்தி அதற்காகச் சேர்த்துவைப்பது கிளைசின் பீட்டைன். கோலினிலிருந்து இரண்டே படிகளில் பீட்டைன் வந்துவிடும். நடுவில் உண்டாகும் பீட்டைன் ஆல்டிஹைடு நச்சு. அதை உடனுக்குடன் மாற்றிவிடும் நொதிக்குச் சுருக்கமாக பிஏடிஎச் என்று பெயர்.

இந்த நொதி அலையாத்தியில் இரண்டு வகையாக இருப்பதை 2001இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஒன்றின் வால் நுனியில் செரின், லைசின், லூசின் என்று மூன்று அமினோ அமிலங்கள். மற்றதில் அவை இல்லை. அந்த மூன்றும் விலாசம் எழுதின மாதிரி: இந்தப் புரதம் செல்லுக்குள் இருக்கும் பெராக்சிசோம் என்ற சிறு பைக்குப் போக வேண்டும். மின்மினிப்பூச்சியின் ஒளி நொதியை வைத்து இதை 1980களின் கடைசியில் கண்டுபிடித்தது கலிஃபோர்னியாவில் சுரேஷ் சுப்பிரமணியின் ஆய்வுக்குழு. புரதங்கள் போகவேண்டிய இடம் அவற்றிலேயே குறிக்கப்பட்டிருக்கிறது என்று காட்டிய குந்தர் புளோபெலுக்கு 1999இல் நோபல் கிடைத்தது.

இதே குடும்பத்து நொதி ஸ்பினாச் கீரையில் பசுங்கணிகத்துக்குள் வேலை பார்க்கிறது, பார்லியில் பெராக்சிசோமில். வேலை ஒன்றுதானே, எங்கே நடந்தால் என்ன என்று கேட்கலாம். 1998இல் ஜப்பானின் ஒகசாகியில் அதைச் சோதித்தே பார்த்தார்கள். கோலினை நேரே பீட்டைனாக்கும் பாக்டீரிய நொதி ஒன்றைச் சில நெற்செடிகளில் பசுங்கணிகத்துக்கும், சில செடிகளில் சைட்டோபிளாசத்துக்கும் போகும்படி வைத்தார்கள். சைட்டோபிளாசச் செடிகளின் இலையில் ஒரு கிராமுக்கு 5 மைக்ரோமோல் வரை பீட்டைன். பசுங்கணிகச் செடிகளில் 1தான். ஆனால் உப்பும் குளிரும் வெளிச்சத்தோடு சேர்ந்து தாக்கியபோது ஒளிச்சேர்க்கையை நன்றாகக் காப்பாற்றியது அந்த 1. புகையிலையில் வேறு கூத்து. பசுங்கணிகத்துக்குள் நொதியை வைத்தாயிற்று, பீட்டைன் சரியாக வரவில்லை. கோலின் தயாராவது வெளியே. பசுங்கணிகத்தின் சவ்வைத் தாண்டி அது போதுமான அளவு உள்ளே நுழையவில்லை.

புன்னக்காயல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதைப் பேசக் காரணம் இருக்கிறது. வயலில் உப்பு ஏறுகிறது என்ற பேச்சு வரும்போதெல்லாம், அலையாத்தியின் மரபணுவை நெல்லில் வைத்தால் தீர்ந்தது என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அஜய் பரிடா குழு அப்படி ஒன்றை வைத்து, 2008இல் வெளியிட்டது உண்மைதான். அந்த நெல் உப்பையும் வறட்சியையும் கூடுதலாகத் தாங்கியது. அவர்கள் எடுத்தது சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதிக் குடும்பத்தில், சைட்டோபிளாசத்தில் வேலை செய்யும் உருப்படி. பசுங்கணிகத்துக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் அதே குடும்பத்தில் தனித்தனி ஆட்கள் இருக்கிறார்கள். சூப்பர் ஆக்சைடு எங்கே உண்டாகிறதோ அங்கேயே அதை அடக்கியாக வேண்டும் என்பதால் இந்த ஏற்பாடு. மரபணு என்ன செய்யும் என்று கேட்கிறவர்கள், அது தரும் நொதி எங்கே போய் உட்காரும் என்றும் கேட்டால் பாதி வெட்டிப்பேச்சு குறையும்.

விலாசமே எல்லாம் என்றும் சொல்லிவிட முடியாது. நெல்லுக்கும் பிஏடிஎச் இரண்டு உண்டு. இரண்டின் வாலிலும் அதே மூன்று அமிலங்கள். இரண்டாவதன் மரபணுவில் எட்டு எழுத்துகள் உதிர்ந்து நொதி செயலிழந்தால், முதலாவது அந்த வேலையை முழுதாக ஏற்றுக்கொள்வதில்லை. இந்த நொதி மாற்ற வேண்டிய வேறொரு ஆல்டிஹைடு தேங்கி, வேறு வழியில் போய் மணமாகிறது. பாஸ்மதியின் மணம் அதுதான். சென்னைக் குழு அலையாத்தியின் மரபணுவை வைத்ததும் பூசா பாஸ்மதி-1 என்ற ரகத்தில்தான்.