ஊரை மறந்தால்தான் உருப்படுவார்களா?

"ஊர் நெனப்பு வந்தா உடனே போனை எடுக்காதே. நம்ம ஆளுங்களோடயே சுத்தாதே. ஆறு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு, தானா சரியாயிடும்." வெளிநாட்டுக்குப் படிக்கக் கிளம்பும் பிள்ளைக்கு இதைச் சித்தப்பா சொல்கிறார், முந்தைய வருடம் போன சீனியர் சொல்கிறார், கல்விக் கடனுக்குக் கையெழுத்துப் போட்ட அப்பாவும் சொல்கிறார். சொல்பவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இந்தப் புத்திமதி தவறு. ஏற்கெனவே தனித்து நிற்கும் பிள்ளையை அது இன்னும் தனியாக்குகிறது. மனசு என்பது ஒற்றை அறை வீடு, பழைய குடித்தனத்தைக் காலி செய்தால்தான் புதுக் குடித்தனம் வரமுடியும் என்ற எண்ணம் இதற்கு அடியில் கிடக்கிறது.

ஏக்கத்தைக் கோழைத்தனமாகப் பார்ப்பது முதல் பிழை. 1688-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் யோகான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் தம் ஆய்வேட்டில் இதை ஒரு நோயாகவே விவரித்துப் பெயரும் சூட்டினார். அவர் குறிப்பிட்டவர்களில் ஒருவன் பெர்னிலிருந்து பாசெலுக்குப் படிக்க வந்த இளைஞன். இன்று அது ரயிலில் ஒரு மணி நேரத் தூரம். சாகக் கிடந்தவன், ஊருக்கு அழைத்துக்கொண்டு புறப்பட்டதுமே தேறத் தொடங்கினான். நம் பிள்ளைகள் ஒரு மணி நேரத் தூரத்திலா இருக்கிறார்கள்?

மறந்துவிடு என்ற புத்திமதி காந்திக்கும் கிடைத்தது. 1888-இல் லண்டன் போன அவர், இரவெல்லாம் வீட்டையும் தாயையும் நினைத்து அழுததைத் தாமே எழுதியிருக்கிறார். புலால் உண்ணமாட்டேன் என்று தாய்க்குக் கொடுத்த வாக்கு அங்கே செல்லாது, விட்டுவிடு என்று நண்பர் ஒருவர் வற்புறுத்தினார். காந்தி விடவில்லை. நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து, மலிவான கடைகளில் ரொட்டியால் வயிற்றை நிரப்பி, கடைசியில் ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடித்தார். அந்த வாசலிலிருந்துதான் அவருடைய லண்டன் தொடங்குகிறது. சைவ உணவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இடம், பேஸ்வாட்டரில் தாமே தொடங்கிய சைவ மன்றம், அதற்குத் துணைத் தலைவராகக் கவிஞர் எட்வின் ஆர்னால்ட், ஆங்கிலேய நண்பர்கள், முதல் பத்திரிகைக் கட்டுரைகள், எல்லாமே தாய்க்குக் கொடுத்த வாக்கின் வழியே வந்தவை.

இங்கே ஒருவர் கணித மேதை ராமானுஜனைக் காட்டி மறுக்கலாம். 1914-இல் கேம்பிரிட்ஜ் போன அவரும் சைவத்தை விடவில்லை. அதனால்தானே உடம்பு கெட்டது என்பார்கள். கூர்ந்து பார்க்க வேண்டும். ராமானுஜன் தம் அறையில் தாமே சமைத்துத் தனியே சாப்பிட்டார். குளிரில் தூக்கம் வராமல், மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையைச் சுற்றிப் படுத்திருந்தார். விரிப்புக்கு அடியில் கம்பளிகள் ஒழுங்காகச் செருகிக் கிடந்தன. அவற்றைப் பிரித்து உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. நண்பர் மஹலனோபிஸ் வந்து பார்த்துத்தான் சொல்லிக்கொடுத்தார். முதல் உலகப் போரால் பயணமும் காய்கறியும் அரிதாயின. மனைவி ஜானகிக்கும் அவருக்கும் இடையிலான கடிதங்கள் வீட்டிலேயே தடுக்கப்பட்டன. 1917-இல் படுத்த படுக்கையானார். அந்த நோய்க்குக் கிருமியும் காரணமாயிருக்கலாம். தனிமைதான் கொன்றது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் ஊர்ச் சாப்பாட்டின் மேல் பழியைப் போட முடியாது. காந்தியும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆள் கிடைத்தது. ராமானுஜனுக்கு ஊர்த் தொடர்பும் அறுந்தது, உள்ளூர்ப் பந்தியும் அமையவில்லை.

இரண்டு மேதைகளை வைத்து விதி எழுதலாமா என்று கேட்டால், ஆய்வும் இருக்கிறது. கனடா உளவியலாளர் ஜான் பெரியும் சகாக்களும் 13 நாடுகளில் குடியேறிய குடும்பத்து இளையோர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டார்கள். சொந்தப் பண்பாட்டையும் புதுநாட்டையும் சேர்த்துப் பிடித்தவர்களே நன்றாகப் பொருந்தியிருந்தார்கள். அவர்கள் படிக்க மட்டும் போனவர்கள் அல்லர், உண்மைதான். ஆனாலும் ஒன்றை விட்டால்தான் இன்னொன்று என்ற கணக்கு அங்கேயே உடைந்துபோகிறது.

விடிய விடிய ஊர் நேரத்திலேயே வாழ்ந்து, வகுப்புக்கும் போகாமல் அறைக்குள் போனோடு கிடக்கும் பிள்ளைகள் இல்லையா? இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து போனைப் பிடுங்கிவிட்டால் மிஞ்சுவது அந்த அறை மட்டும்தான். குறை போனில் இல்லை, அறைக்கு வெளியே அவர்களுக்கு ஒரு பந்தி இல்லாததில் இருக்கிறது. மிளகுப்பொடி வாங்கப் போன கடையில் அறிமுகமான இலங்கைத் தமிழர், பொங்கலன்று சேர்ந்து சமைத்தபோது எட்டிப்பார்த்த அடுத்த அறை கொரியப் பெண், இப்படித்தான் புது ஊர் உள்ளே வரும்.

ஆகவே விமான நிலையத்தில் பெட்டியை எடை போடும் நேரத்தில் "எங்களை நெனச்சுக்கிட்டு இருக்காதே" என்று சொல்லி அனுப்பாதீர்கள். பிள்ளை போன் செய்தால் எடுங்கள். சாப்பிட்டாயா என்று கேட்பதோடு விடாமல், யாரோடு சாப்பிட்டாய் என்றும் கேளுங்கள்.